சவுண்ட்

சட்டைப் பைக்கு மேல் ‘பஸ் கேப்டன்’ என்று தைத்திருக்கும்.
ஆறு நாள் அந்தச் சட்டை.
ஈசூனில் எடுத்தால் இருபத்தேழு சிவப்பு விளக்கு,
பிடி கிடைக்காமல் தள்ளாடும் காய்கறிப் பைகள்.
ஐம்பதைத் தாண்டினால்
தலைக்கு மேல் ஒரு கருவி
கீச்சென்று கண்டிக்கும்.

ஏழாம் நாள் நான் கேப்டன் இல்லை.
சக்கரம் நோராய்னியிடம்.
என்னிடம் இரண்டு நெம்புகோல்,
இஞ்சினுக்கு ஒன்று.
அவள் திருப்புவாள்.
நான் கொடுப்பேன், எடுப்பேன்.

பதிவு மேசைக் கட்டத்தில்
சௌந்தரவல்லிக்கு இடம் போதவில்லை.
‘சவுண்ட்’ என்று வெட்டிக்கொண்டார்கள்.
தலைக்கவசத்திலும் அதையே ஒட்டினாள் நோராய்னி,
கோணலாக.

மூன்று வாரம் முன்பு
நீச்சல் குளத்தில், ஒரு கூண்டுக்குள் கட்டி
தலைகீழாகக் கவிழ்த்தார்கள்.
முதலில் காற்றுக்குழாய், பிறகு வார், பிறகு கதவு.
குளோரின் மூக்கில் ஏறியதும்
என் கை தேடியது
பஸ் கதவைத் திறக்கும் பொத்தானை.
இரண்டாம் முறைதான் தேறினேன்.
வீட்டில் இதைச் சொல்லவில்லை.

மணிக்கட்டில் சிவப்புச் சுருள் கயிறு.
நான் தூக்கி எறியப்பட்டால்
அது பிடுங்கிக்கொள்ளும், இஞ்சின் நிற்கும்.
நான் இல்லையென்றால் நின்றுபோக
உலகில் ஒன்று இருக்கிறது என்று
நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

நெய்தலுக்கு இரங்கல் என்று
உயர்நிலை இரண்டில் எழுதிப் போட்டார் தமிழாசிரியை.
பெட்ரோல், வெயில் களிம்பு,
ரப்பர் உறைக்குள் வேர்த்த விரல்,
இதெல்லாம் எந்தத் திணையின் கருப்பொருள் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பச்சைக்கொடி.

ஒன்பது படகும் ஒரே கூச்சல்.
லாசரஸ் தீவு இடப்பக்கம் ஒரு பச்சைக் கீறலாகி
அழிந்தது.
தண்ணீர் தண்ணீராக இல்லை,
பெயர்த்துப் போட்ட சாலை.
பல் பல்லோடு பேசிற்று.
முகட்டில் படகு எழும்பி
விசிறி வெறுங்காற்றைக் கடித்து
இஞ்சின் ‘ஈ’ என்று ஏறும் முன்
எடு.
விழும் முன்
கொடு.
எடு. கொடு.
கண்ணை நம்பினால் ஒரு நொடி பிந்தும்.
உட்கார்ந்திருக்கும் எலும்புக்குத்தான் முதல் தகவல்.
பதினாறு வருஷம்
நிற்கிறவர் எவரும் சாயாமல்
பிரேக் போட்ட எலும்பு.

மூன்றாம் சுற்று.
நங்கூரமிட்ட டேங்கர் ஒன்றின் நிழலுக்குள்
வலது இஞ்சின் இருமியது. நின்றது.
இடதையும் நானே அடக்கினேன்.

இவ்வளவு நேரமும்
கடலுக்கென்று ஒரு சத்தம் இருந்திருக்கிறது.
இரும்புச் சுவரில் அலை தட்டும் ஓசை,
தூங்கும் பிள்ளையின் முதுகில் தட்டுவதுபோல்.
உச்சியில், கம்பியில் சாய்ந்து
ஒரு மாலுமி பல் துலக்கிக்கொண்டிருந்தான்.
எங்களைப் பார்த்ததும் பிரஷை வாயிலிருந்து எடுத்து
அதையே ஆட்டினான்.

“சவுண்ட்,” என்றாள் நோராய்னி, “சவுண்டைக் காணோமே.”

சிரித்துக்கொண்டே
பின்னால் சுழற்றினேன், முன்னால், மறுபடி பின்னால்,
நெரிசலில் பஸ்ஸை ஒதுக்குகிற பொறுமையோடு.
கிழிந்து கிழிந்து மிதந்து வந்தது
யானைப் படம் போட்ட அரிசிப் பை.
துதிக்கை கடைசியாக.

எட்டாவதாக வந்தோம்.
ஒன்பதாவதைக் கட்டி இழுத்து வந்தார்கள்;
அதன் ஓட்டுநர் கரையில் எனக்குக் குளிர்ந்த மைலோ தந்தார்.
டப்பாவைத் திறக்க முடியவில்லை.
விரல்கள் இன்னும்
நெம்புகோலின் வடிவத்திலேயே இருந்தன.

திங்கள், அதிகாலை ஐந்து பதினெட்டு.
மேம்பாலத்தின் முதுகேறிப் பஸ் இறங்கும்போது
என் வலது கை காற்றில் எதையோ இழுத்தது.
முன் இருக்கைப் பள்ளிப் பையன்
பார்த்துவிட்டான்.

கீச்.

ஐம்பத்தொன்று.